பெயரைக் கடைசியில் படிக்கணும்

மாடிவீட்டுப் பையனுக்கு டோக்கியோவில் வேலை. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாயில்தான் அவனும் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றான்.

"சார், ஒரு பழைய வாள் பார்த்து வெச்சிருக்கேன். சின்னதுதான். கொதெத்சுன்னு பேர் வெட்டியிருக்கு. கடைக்காரருக்கு முன்பணமும் கொடுத்துட்டேன்."

"பேரைப் பார்த்தா கொடுத்தே?"

"வேற எதைப் பார்க்கணும்?"

அடுப்பில் டீக்குப் பால் வைத்தேன். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது.

எனக்கும் இதில் பெரிய படிப்பு கிடையாது. ஒசாகாவில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது, அலுவலகத்து மூத்தவர் ஒருவர் மாதம் ஒருமுறை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போவார். கான்தேய் என்று பெயர். வாளைப் பார்த்துச் செய்தவர் யார் என்று சொல்லும் பரீட்சை. நீளமான மேசையில் ஐந்து வாள் வரிசையாக இருக்கும். பிடிக்குள் போகும் காம்பை மட்டும் மறைத்திருப்பார்கள், ஏனென்றால் பெயர் வெட்டியிருப்பது அங்கேதான். மீதியைப் பார்த்துவிட்டுத் துண்டுச் சீட்டில் ஒரு கொல்லரின் பெயரை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் 'அத்தாரி'. அந்தக் கொல்லரின் மகனையோ அதே பட்டறைக்காரரையோ எழுதியிருந்தால் 'தோஸேன்', கிட்டத்தட்ட சரி என்று அர்த்தம். தப்பு என்றால் 'இயா'. எனக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் இயாதான். ஆனால் அந்த மேசை ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தது. பெயரை மறைத்துவிட்டால்தான் மனிதன் வாளைப் பார்க்கவே ஆரம்பிக்கிறான்.

பையன் காட்டிய பத்துப் படத்தில் எட்டு, கையெழுத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தவை. அவற்றை ஒதுக்கச் சொன்னேன். முழு வாளும் தெரியும் ஒரே ஒரு படம் இருந்தது. கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் பார் என்றேன்.

ஜப்பானிய வாளில் உருவம்தான் காலத்தைச் சொல்லும். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வாள் என்பது குதிரைமேல் இருப்பவனுடைய ஆயுதம். நீளமாக, வாய்ப்புறம் கீழே பார்க்க இடுப்பில் தொங்கும். வளைவு பிடிக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்து, முனைக்குப் போகப் போக நேராகி, சின்னத் தலையில் முடியும். இது தாச்சி. 14-ஆம் நூற்றாண்டில் ஆளுயர வாளெல்லாம் வந்தது. பிறகு சண்டை தரைக்கு இறங்கியது. காலாட்கள் நெருக்கியடித்து வெட்டிக்கொள்ளும் 16-ஆம் நூற்றாண்டில் வாள் குட்டையாகி, வாய்ப்புறம் மேலே பார்க்க இடுப்புக் கச்சையில் செருகப்பட்டது. உருவிய வேகத்திலேயே வெட்ட வேண்டும் என்பதால் வளைவு முனைப்பக்கம் நகர்ந்தது. அப்புறம் தோகுகாவா ஆட்சியின் நீண்ட அமைதி. வாள்பயிற்சி மூங்கில் கழிக்கு மாறியது. 1660-களின் வாட்கள் ஏறக்குறைய நேராகவே இருக்கும். வெட்டுவதைவிடக் குத்துவதற்குத் தோதான உருவம்.

கொதெத்சு வேலை செய்தது சரியாக அந்த நேரான காலத்தில். நாகாசோனே கொதெத்சு முதலில் கவசம் செய்கிறவர். போர் நின்றதும் கவசத்துக்கு யார் வருவார்கள்? ஐம்பது வயதை ஒட்டி எதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, வந்து வாள் அடிக்கத் தொடங்கினார். பேர் வாங்கினார். போலிகளும் கூடவே வந்தன. கொதெத்சு என்று எழுதியிருந்தால் போலி என்றே எடுத்துக்கொள் என்பது அங்கே வாள்காரர்கள் வாயில் புழங்கும் பேச்சு.

"இப்ப உன் வாளோட வளைவு எங்கே இருக்கு?"

விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். "முனைப்பக்கம்."

"அப்போ வயசு?"

பதில் சொல்லவில்லை. டீயைக் கொடுத்தேன்.

அளவையும் கேட்டுவைத்தேன். 54 சென்டிமீட்டர். முனையிலிருந்து காம்பு தொடங்கும் இடம் வரை நேர்கோட்டில் அளப்பார்கள், வளைவோடு அல்ல. ஒரு ஷாக்கு 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாக்குவுக்கு மேல் போனால் கதானா அல்லது தாச்சி, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வாகிசாஷி, ஒன்றுக்குள் அடங்கினால் தாந்தோ. இவன் பார்த்தது வாகிசாஷி.

அடுத்தது இரும்பு. இரும்பு மணலையும் கரியையும் ததாரா என்ற களிமண் உலையில் மூன்று இரவு மூன்று பகல் மாறிமாறிப் போட்டு எரித்து எடுக்கும் உருக்கு தமாஹகானே. ஷிமானே மாவட்டத்தில், ஒகுஇசுமோவில், 1977-இல் அந்த உலையை மறுபடி மூட்டினார்கள். இன்றைய வாள்கொல்லர்களுக்கு உருக்கு அங்கிருந்துதான் போகிறது. அதை அடித்து, மடித்து, மறுபடி அடித்து வரும்போது மேலே மரத்தின் ரேகை மாதிரி ஒரு நெளிவு விழும். நம் பக்கத்து உருக்கும் உலகமெல்லாம் போய் வாளில் அலையலையாக ரேகை காட்டியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொடுமணல் மண்ணில் கிடைத்த மாதிரியான சிறு மூசையில் உருகி ஆறும்போது உலோகத்துக்குள்ளேயே பிரிந்து நிற்பது நம் ரேகை. ஜப்பான் ரேகை சுத்தியலடியின் ரேகை. அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மடிப்புப் பழக்கம் உண்டு. பலகையை நீளவாக்கில் அறுத்த மாதிரி நேர்ரேகை என்றால் யாமாதோ பக்கம் மனசு போகும். முடிச்சு முடிச்சாகச் சுழி விழுந்திருந்தால் வேறு பக்கம். கைப்பேசிப் படத்தில் இதெல்லாம் தெரியாது. தெரிகிற மாதிரி சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இனி வாய்ப்புறம். நான் அதிக நேரம் உட்கார்கிற இடம் இதுதான்.

நம் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் போடும்போது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள் அல்லவா, அதே வேலைதான். ஜப்பான் கொல்லர் முக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்கிறார். வாள் முழுக்கக் களிமண் பூசுகிறார். முதுகுப்பக்கம் தடிப்பாக, வாய்ப்பக்கம் மெல்லிசாக. தண்ணீரில் இறங்கியதும் மண் மெல்லிசான இடம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல் கடினமாகிறது. தடித்த இடம் மெதுவாக ஆறி இளக்கமாகவே இருந்துவிடுகிறது. கடினமான பகுதி கொஞ்சம் பருத்து விரியும். விரிந்து முதுகைப் பின்னுக்குத் தள்ளும். வாளின் வளைவில் பாதி கொல்லரின் கணக்கு, மீதி அந்தத் தண்ணீரின் வேலை. தள்ளுகிற வேகத்தில் வாய் விரிசல் விட்டுவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

கடினமும் இளக்கமும் சந்திக்கிற எல்லைக்கோடு ஹாமோன். மண்ணை எப்படிப் பூசினாரோ அப்படி வரும்: நேர்கோடு, அலை, கிராம்புப்பூ. இதைப் பார்க்க டியூப் லைட் உதவாது. ஒற்றை பல்புக்கு நேராக வாளை நீட்டி, ஒளி கோட்டின்மேல் வழுக்கிப் போகும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். அப்போது கோட்டுக்குள் இரண்டு விதமான வெண்மை தெரியும். தனித்தனி மணியாகக் கண்ணுக்குப் பிடிபடுவது நியே. பிரிக்க முடியாமல் பனிமூட்டம் மாதிரி நிற்பது நியோய். உலோகக் கணக்கில் இரண்டும் ஒன்று, மணியின் அளவுதான் வேறு. பிஸேன் வட்டாரத்தார் பெரும்பாலும் மூட்டம், கொல்லர் மாசாமுனேயின் வழிவந்த சோஷூக்காரர்கள் மணி. அமிலத்தால் வரைந்த போலிக்கோட்டில் இந்த உள்வேலை இருக்காது. எப்படிச் சாய்த்தாலும் சுண்ணாம்புக் கோடு மாதிரி அதே வெள்ளை.

நல்லவேளை, பையன் கடை விளக்கின் கீழ் ஒரு வீடியோ எடுத்திருந்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஹாமோன் கூராகக் கூராக எழும்பியிருந்தது. இரண்டு தாழ்ந்து, ஒன்று உயர்ந்து. மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. மலைச்சரிவில் தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்பது போல. இதற்கு சன்போன்சுகி, மூன்று தேவதாரு, என்றே பெயர். மினோ நாட்டில், இப்போதைய கிஃபு மாவட்டத்துச் செகி ஊரைச் சுற்றி வளர்ந்த கானேமோதோ வழியின் அடையாளம் அது. இன்றைக்கும் செகி கத்திக்குப் பேர்போன ஊர். நம் திருப்பாச்சேத்தி அரிவாள் மாதிரி ஊர்ப்பெயரே சரக்கின் பெயர். ஒரு நுணுக்கம் உண்டு. மாகோரோக்கு என்று கொண்டாடப்படும் இரண்டாம் கானேமோதோவின் மரங்கள் ஒழுங்கில்லாமல் நிற்கும். பின்னால் வந்தவர்கள் அதையே அச்சுப்போட்ட மாதிரி ஒழுங்காகச் செய்தார்கள். பையனின் வாளில் மரங்கள் ரொம்ப ஒழுங்கு.

கொதெத்சுவின் கோடு வேறு. அவருடைய பேர்பெற்ற ஹாமோன் ஜபமாலை மணிகளைக் கோத்த மாதிரி உருண்டை உருண்டையாக வரும். உருண்டை எங்கே, ஊசி எங்கே!

முனையைப் பார்க்கச் சொன்னேன். ஹாமோன் முனைக்குள் நுழைந்து திரும்பும் பகுதிக்கு போஷி என்று பெயர். அந்தச் சின்ன இடத்தில் கோட்டைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்பதால் கொல்லரின் கை அங்கே தெரிந்துவிடும். மினோ வாட்களில் அது ஜிஸோவின் தலையைப் பக்கவாட்டில் பார்த்தது போல இருக்கும் என்பார்கள். ஜிஸோ, ஜப்பானில் சாலையோரம் சிவப்புத் துணி கட்டி நிற்கும் மொட்டைத்தலைக் கல்சாமி. இவன் எடுத்த படத்தில் முனை மங்கலாக இருந்தது.

இத்தனைக்கும் அப்புறம்தான் காம்பு. ஜப்பானியச் சொல் நாகாகோ. பிடியைக் கோத்திருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும், காம்பு வெளியே வரும். வாளை மெருகேற்றுகிறவர்கள் மற்ற எல்லா இடத்தையும் தொடுவார்கள், காம்பைத் தொடமாட்டார்கள். அதன் துரு வாளின் பிறப்புச் சான்றிதழ். நூற்றாண்டுகள் ஆனால் துரு புளி நிறத்திலிருந்து கறுத்து, எண்ணெய் ஊறின பழைய கதவு மாதிரி வழவழப்பாகும். செங்கல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தால் வயது குறைவு, இல்லை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். அழுக்காக இருக்கிறதே என்று எலுமிச்சையும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்த புண்ணியவான்கள் உலகமெங்கும் உண்டு. ஒரு மத்தியானத்தில் நானூறு வருஷத்தைக் கழுவிவிட்டிருப்பார்கள்.

துருவுக்கு அடியில் அரக்கோடுகள் இருக்கும். பிடி வழுக்காமல் இருக்கக் காம்பில் அரம் போட்ட தடங்கள். குறுக்காக, சாய்வாக, கட்டம் கட்டமாக என்று பட்டறைக்கு ஒரு வழக்கம். பையனின் படத்தில் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் சரியும் கோடுகள். பருந்தின் இறகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் மினோவில் அதிகம் காணப்படுவதுதான்.

கடைசியில் பெயருக்கு வந்தோம். ஒதுக்கிவைத்த எட்டுப் படத்தையும் இப்போது பெரிதாக்கினோம்.

உளி போட்ட எழுத்தின் உட்பள்ளத்தில் இருக்கும் துருவும் வெளித்துருவும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும். இங்கே பள்ளத்துக்குள் நிறம் ஒரு படி இளசு. படத்தின் வெளிச்சமாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் இன்னொன்றை விட முடியவில்லை. இந்தக் காம்பில் ஆணித் துளை இரண்டு. ஒன்று கொல்லர் போட்டது. மற்றது பிற்காலத்தில் வேறு பிடி மாட்டுவதற்காக யாரோ போட்டது. பின்னால் துளை போடுகிறவன் பழைய எழுத்தைப் பார்த்து இரக்கப்படமாட்டான், குத்திக்கொண்டே போவான். ஆகவே உண்மையான பழைய கையெழுத்தில் ஓர் எழுத்து துளையில் பாதி விழுந்திருப்பது சகஜம். இங்கே எழுத்து வரிசை நேராக இறங்கி வந்து, அந்த இரண்டாவது துளையை நெருங்கியதும் ஒரு நூலளவு ஒதுங்கி, துளையைத் தாண்டியதும் மறுபடி பழைய தடத்துக்கு வருகிறது.

"எழுதினவனுக்குத் துளை முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றான் பையனே.

இரண்டாவது டீ போட எழுந்தேன்.

போலிக் கையெழுத்துக்கு கிமேய் என்று பெயர். கிமேய் என்றால் வாளே போலி என்று அர்த்தம் இல்லை. நல்ல பழைய வாளில் பெரிய பெயரை வெட்டி விற்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். இதிலேயே பேர் எடுத்த காஜிஹேய் போன்ற ஆட்கள் இருந்தார்கள். அதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. தலைசிறந்த வாட்கள் பலவற்றில் பெயரே கிடையாது. பழைய நீள தாச்சிகளைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் வசதிக்குக் குட்டையாக்கியபோது முனையை வெட்டவில்லை, காம்புப்பக்கம் வெட்டினார்கள். கையெழுத்து உலைக்களத்துக் குப்பைக்குப் போனது. மாசாமுனேயின் கையெழுத்தோடு நிற்பவை சில குத்துவாட்கள் மட்டுமே. மாசாமுனே என்று பளிச்சென்று எழுதிய நெடிய வாளை யாராவது காட்டினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

பெயரில்லாத வாளுக்குப் பெயர் சொல்வதற்கென்றே ஒரு குடும்பம் இருந்தது, ஹோன்அமி. வாளைத் துடைப்பது, மெருகேற்றுவது, மதிப்பிடுவது மூன்றும் அவர்கள் குலத்தொழில். தடித்த தாளை மடித்து, இது இன்னார் செய்தது, இத்தனை பொற்காசு பெறும் என்று எழுதிக்கொடுப்பார்கள். மடித்த தாள், அதாவது ஒரிகாமி. காகிதக் கொக்குக்கு நாம் சொல்லும் அதே சொல். ஜப்பானியர் இன்றும் நம்பகமான ஒன்றை 'ஒரிகாமி வைத்தது' என்கிறார்கள். 1719-இல் ஷோகுன் யோஷிமுனே கேட்டு, புகழ்பெற்ற வாட்களின் பட்டியலையும் இவர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாள் பரிசளித்த காலம். கௌரவத்துக்கு ஏற்ற விலை தாளில் இருக்க வேண்டும். அந்த நெருக்கடியில் எழுதப்பட்ட தாள்களில் சில தாராளமாகவே எழுதப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது.

"என்கிட்டயும் ஒரு தாள் இருக்கு சார்" என்று பையன் கடைசிப் படத்தைக் காட்டினான். அரசாங்க முத்திரையோடு இருந்தது. அது தோரோகுஷோ, பதிவுச் சீட்டு. மாவட்டக் கல்விக் குழு கொடுப்பது. நீளம், வளைவு, துளை எண்ணிக்கை, வெட்டியிருக்கும் எழுத்து இவ்வளவும் அதில் இருக்கும். எழுத்து என்ன என்று சொல்லுமே தவிர, அது நிஜமா என்று சொல்லாது. வண்டியின் ஆர்.சி. புத்தகம் மாதிரி. அது இல்லாத வாளை ஜப்பானில் தொடவே கூடாது. வாங்கினால் 20 நாளுக்குள் பெயர்மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் அங்கே கலாசாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேறு, இங்கே இறக்குமதிச் சிக்கல் வேறு.

மதிப்பீட்டுத் தாளுக்குப் போக வேண்டிய இடம் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். 1948-இல் தொடங்கியது. போருக்குப் பின் அமெரிக்கப் படை வாட்களை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்து அழித்துக்கொண்டிருந்தபோது, இவை கலைப்பொருள் என்று வாதாடிக் காப்பாற்றிய ஹோம்மா ஜுன்ஜி போன்றவர்கள் சேர்ந்து அமைத்தது. அதன் அருங்காட்சியகம் இப்போது ரியோகோகுவில், சுமோ அரங்கம் இருக்கும் அதே பேட்டையில். தாள் நான்கு படி: ஹோஸோன், தோகுபெத்சு ஹோஸோன், ஜூயோ, தோகுபெத்சு ஜூயோ. 1982-க்கு முந்தைய பழைய தாள்களைக் காட்டி யாராவது விலை ஏற்றினால், இப்போதைய தாள் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்துத் தாள்களில் சிலவற்றின் பெயர் கெட்டுப்போய்த்தான் முறையையே மாற்றினார்கள்.

நம் ஆட்களுக்கு ஜப்பான் வாள் என்றால் ஞாபகம் வருவது இந்தக் கலை அல்ல. மலாயாவிலிருந்து திரும்பிய என் பெரியப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன பட்டாளத்தின் இடுப்பில் தொங்கியது அது. அவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தில் செய்தவை, அல்லது அவசரத்துக்கு எண்ணெயில் முக்கியவை. கீழ்நிலைப் படையினருக்குக் கொடுத்த வாளில் அலகிலேயே வரிசை எண் அடித்திருக்கும். ஆனால் அதிகாரிகள் சிலர் பட்டாளத்துப் பிடிக்குள் பரம்பரை வாளை மாட்டிக்கொண்டு போனார்கள். பிடியைக் கழற்றும் வரை எது எது என்று தெரியாது. ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான குனிமுனே வாள், தேசியப் பொக்கிஷம், போருக்குப் பின் காணாமல் போய் அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் கிடந்தது. வாங்கிய வால்டர் காம்ப்டன் அது எது என்று அடையாளம் கண்டு 1963-இல் ஒரு காசு வாங்காமல் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்த மனுஷன்மேல் பொறாமை. கொடுத்ததற்காக அல்ல, அடையாளம் கண்ட அந்த நிமிஷத்துக்காக.

பையனுக்கு இப்போது கவலை பணத்தைப் பற்றி. வாயில் குறுக்காக மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாயா என்று கேட்டேன். ஹகிரே என்பது அது. துரு, சிறு பள்ளம், தேய்மானம் எல்லாவற்றையும் மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது. இல்லை என்றான், வீடியோவிலும் தெரியவில்லை. மெருகு மங்கல், அதற்குப் போகும் செலவு சில சமயம் வாளின் விலையையே தாண்டும். அதையும் சொல்லிவைத்தேன்.

"அப்போ விட்டுடவா?"

"கொதெத்சு விலைன்னா விட்டுடு. பேர் தெரியாத மினோ வாகிசாஷி விலைன்னா வாங்கு. நானா இருந்தா வாங்குவேன்."

"அந்தப் பேர்?"

அதுதான் சங்கடம். போலிப் பெயர் இருக்கும் வரை சங்கம் தாள் கொடுக்காது. பலர் அதை அரத்தால் அழித்து, பெயரற்ற வாளாக மறுபடி கொண்டுபோகிறார்கள். அதுவும் ஒரு பழைய கைவேலைதானே, நூறு இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு திருட்டுக்கையின் வேலை என்று எனக்கு மனசு வராது. அழித்தால் திரும்ப வராது. எனக்குத் தாள் முக்கியமில்லை என்பதால் இப்படிச் சொல்ல முடிகிறது. அவன் நாளைக்கு விற்க நினைத்தால் கணக்கு வேறு.

அவன் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. கைப்பேசியில் அந்த மங்கலான முனைப் படத்தை இரண்டு விரலால் விரித்து, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இந்த வளைவு மண்டை, இங்கே கழுத்து உள்ளே போகுது. அந்தச் சாமி இதுதானே?"